மணி அடிக்கேல்லைத்தானே

தம்பிராசாவுக்கும் அருளம்பலத்துக்கும் சண்டை மூட்டிவிட்டது அமெரிக்காதான். உலகத்தில் அதற்கு இருந்த வேலைகள் போதாதென்று மானிப்பாயில் ஒரு ஒழுங்கைக்குள்ளும் வந்து மூக்கை நுழைத்தது.

இரண்டு பேரும் காங்கேசன்துறைக்காரர்கள். முந்தின வருசம் ஆமியின் செல்லடி தொடங்கியபோது உடுத்த உடுப்போடு ஓடிவந்து, அந்த ஒழுங்கையின் இரண்டு தொங்கலிலும் ஆளுக்கொரு வாடகை வீடு பிடித்தவர்கள். தம்பிராசா சீமெந்துத் தொழிற்சாலையில் மின்சாரப் பகுதிப் போர்மன். அருளம்பலம் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். தொழிற்சாலையும் நின்று, றெயிலும் நின்று, இரண்டு பேரிடமும் மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதையாவது சும்மா வைத்திருந்தார்களா? இல்லை.

அது 91ஆம் ஆண்டு தை மாதம். குவைத்தில் சண்டை. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. தம்பிராசா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றுவார். டைனமோவில் கரண்ட் வரும், றேடியோ கதைக்கும், அருளம்பலம் காதை அதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டுச் சொல்லுவார். அப்படித்தான் ஒருநாள் பின்னேரம் அந்தச் செய்தி வந்தது.

"சதாம் விட்ட ஸ்கட் ஏவுகணையை அமெரிக்கன் வானத்திலை வைச்சே அடிச்சு விழுத்திப்போட்டானாம். பேற்றியட் எண்டொரு சாமான்."

தம்பிராசா சுற்றுவதை நிறுத்திவிட்டார். றேடியோ செத்துப்போனது.

"வானத்திலை வைச்சோ?"

"சுத்தும் ஐசே, மிச்சத்தைக் கேப்பம்."

தம்பிராசா சுற்றவில்லை. அவருடைய முகத்தில் கலியாணக்களை வந்துவிட்டது. எத்தனை மாதமாக மேலேயிருந்து விழுவதை எல்லாரும் தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்! அதை வழியில் மறித்து விழுத்த ஒருத்தன் இருக்கிறான் என்றால் சும்மாவா?

"அது எறிஞ்ச கல்லை இன்னொரு கல்லாலை எறிஞ்சு விழுத்திற மாதிரி. நடக்கிற காரியமோ?" என்றார் அருளம்பலம்.

"நடந்ததெண்டு லண்டன் றேடியோ சொல்லுது, நீங்கள் இல்லையெண்டுறியள்."

"சரி, நடந்ததெண்டே வைப்பம். அவன் பத்து விடுறான். நீர் ஒன்பதை விழுத்துறீர். கெட்டிக்காரன்தான். பத்தாவது ஆரின்ரை தலையிலை?"

வாதத்தில் தோற்கிறபோது வழமையாகச் செய்வதையே தம்பிராசா செய்தார். எழும்பிப்போய் மனைவியிடம் தேத்தண்ணி கேட்டார். இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் அவளுடைய தோளைத் தொட்டுக் கேட்டார்.

ஞானாம்பிகைக்குக் காது போய்விட்டது. காங்கேசன்துறையில் மதிலோடு விழுந்த செல் மதிலைக் கொண்டுபோனது, கிணற்றுத் துலாவைக் கொண்டுபோனது, போகிறபோக்கில் அவளுடைய கேள்வியையும் கொண்டுபோனது. கிட்ட நின்று உரத்துக் கத்தினால் கொஞ்சம் பிடிபடும். பாத்திரம் விழுந்தால், கோயில் மணி அடித்தால், அந்த மாதிரிக் கூரான சத்தங்கள் கேட்கும். குண்டு போட வருகிற பொம்மர் விமானத்தின் இரைச்சல் மட்டும் ஒரு துளியும் கேட்காது.

தம்பிராசாவின் நித்திரையைத் தின்றது இதுதான். ஒரே மகள் கனடாவில். வீட்டில் அவரும் அவளும், வீமன் என்றொரு நாயும். அவர் நிவாரணச் சாமானுக்கு வரிசையில் நிற்கவேண்டும், விறகுக்குப் போகவேண்டும், மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிள் மிதிக்கவேண்டும். அந்த நேரத்தில் பொம்மர் வந்தால் அவளுக்கு யார் சொல்லுவது?

யார் சொன்னது? வீமன்தான் சொன்னது. பொம்மர் வருமுன்னமே அந்த நாய்க்கு எப்படியோ தெரிந்துவிடும். வாலைக் கால்களுக்குள் செருகிக்கொண்டு, முற்றத்தில் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடும். ஞானாம்பிகையும் அகப்பையைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுவாள். ஆனால் நாய்க்கு எல்லாம் பொம்மர்தான். இடி முழங்கினாலும் ஓடும், உழவு மெசின் வந்தாலும் ஓடும், தேங்காய் விழுந்தாலும் ஓடும். அவளும் ஓடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஓடுவது? கறி அடிப்பிடித்தது. முழங்காலில் காயம் ஆறவேயில்லை. சாப்பிடும்போதும் கண் நாயிலேயே இருந்தது. ஒருநாள் பங்கர்ப் படியில் இருந்து அழுதுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, எனக்கு ஏலாது. நாயின்ரை வாலைப் பாத்துக்கொண்டு சீவிக்கிறதும் ஒரு சீவியமோ? ஒரேயடியாய் விழுந்து துலைக்கட்டும்."

அந்த அழுகையைப் பார்த்தபின் தம்பிராசா பேற்றியட்டைப் பற்றி வேறுமாதிரி யோசிக்கத் தொடங்கினார். அமெரிக்கன் முதலில் என்ன செய்கிறான்? காண்கிறான். கண்டபிறகுதானே அடிக்கிறான். எங்களால் அடிக்க ஏலாது, அது விசர்க்கதை. ஆனால் காணலாம். கண்டால் சொல்லலாம். சொன்னால் ஒளிக்கலாம்.

அவருடைய வீட்டு மதிலோடு ஒட்டியது ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதன் மணிக்கோபுரத்தில் ஏறி நின்றால் பனைவட்டுகளுக்கு மேலால், பொம்மர் வருகிற பலாலிப் பக்கத்து வானம் முழுக்கத் தெரியும். கோயிலைத் திறந்து பூட்டிப் பராமரித்துவந்தவர் ஏரம்பு. ஏரம்புவுக்குக் காது சரியான கூர்.

"சாமிக்கு அடிக்கிற மணியைப் பொம்மருக்கு அடிக்கிறதோ அண்ணை?" என்று ஏரம்பு முதலில் முகத்தைச் சுளித்தார்.

"பொம்மருக்கில்லையப்பா, சனத்துக்கு. பிள்ளையார் வேண்டாமெண்டு சொல்லுவாரோ?"

ஏரம்பு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை போலிருந்தது. ஒத்துக்கொண்டார். பூசைக்கு விட்டுவிட்டு அடிப்பது, பொம்மருக்கு விடாமல் அடிப்பது என்று தீர்மானம். முதல் கிழமை பெரிய பகிடி. மத்தியானப் பூசைக்கு மணி அடிக்க, சனம் சோற்றுக் கையோடு பங்கருக்குள் பாய்ந்தது. போகப் போக எல்லாருக்கும் பிடிபட்டது. விடியற்காலை தொடங்கிப் பொழுதுபடும்வரை கோபுரத்தடியில் ஆள் இருந்தது. ஏரம்பு சாப்பிடப் போனால் அவருடைய மனிசி, மனிசிக்கு ஏலாவிட்டால் தம்பிராசா. கயிறு இற்றுப்போனால் கட்ட வேறு கயிறும் வைத்திருந்தார்கள். போர்மன் மூளை அல்லவா, ஓட்டை ஒன்றும் விடவில்லை என்று நினைத்தார்.

அருளம்பலத்துக்கு அதிலும் குறைதான். ஒருநாள் மணி அடித்து எல்லாரும் தம்பிராசாவின் பங்கருக்குள் நெருக்கிக்கொண்டிருந்தபோது, மனுசன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அது றெயில் பாதையிலிருந்து சனம் கழற்றிக்கொண்டு வந்த சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும். வானத்தில் பொம்மர் இரைந்தது. இவர் தண்டவாளத்தை விரலால் தட்டினார்.

"இதுக்கு மேலாலை யாழ்தேவி போனது. இப்ப நான் இதுக்குக் கீழை குந்தியிருக்கிறன். தெரியுமோ, சின்ன ஸ்ரேசனுகளிலை மணி இல்லாட்டில் இதிலை ஒரு துண்டைக் கட்டித் தூக்கித்தான் அடிப்பம். ஊர் முழுக்கக் கேக்கும்."

"உங்கடை றெயில் புராணத்தை வெளியிலை போய்ப் படியுங்கோ அண்ணை."

"பொறும். உம்மடை மணியிலை ஒரு பிழை இருக்கு. றெயில் சிக்னல் மரத்திலை கம்பி அறுந்தால் அதின்ரை கை என்ன செய்யும்? தானாய்க் கிடையாய் வந்து நிக்கும். 'நில்' எண்டு அர்த்தம். பழுதானாலும் அது 'நில்' எண்டுதான் சொல்லும், அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கு. உம்மடை மணி பழுதானால் என்ன சொல்லும்? ஒண்டும் சொல்லாது. ஒண்டும் சொல்லாட்டில் சனம் என்ன நினைக்கும்? 'போ' எண்டு நினைக்கும்."

"வெண்கல மணி ஏன் அண்ணை பழுதாகுது?" என்றார் தம்பிராசா. பங்கருக்குள் எல்லாரும் சிரித்தார்கள். அருளம்பலமும் சிரித்துவிட்டார். அன்றைக்குக் குண்டு நவாலிப் பக்கத்து வயலுக்குள் விழுந்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ஞானாம்பிகைக்கு உயிர் வந்தது. மணி அடித்தால் போவாள், அடிக்காவிட்டால் தன்பாட்டில் இருப்பாள். மத்தியானம் பாய் போட்டுப் படுத்தாள். மகளுக்குக் கடிதம் எழுதினாள். வீமன் பழையபடி வாலைச் செருகிக்கொண்டு ஓடும்போது பின்னால் எழும்பப் பார்ப்பாள். தம்பிராசா கையைப் பிடித்து இருத்திவிடுவார்.

"இரு. மணி அடிக்கேல்லைத்தானே. அந்த விசர் நாயைப் பாக்கிறதை விடு."

இதை அவர் ஒருதரம் இரண்டுதரம் சொல்லவில்லை. பழகும்வரை சொன்னார். கடைசியில் அவளும் நாயைப் பார்த்து அதையே சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்து எவ்வளவு காலம்! தம்பிராசாவுக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சு குளிர்ந்தது. அமெரிக்கன் தன்ரை பேற்றியட்டைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட ஒருநாள் சொன்னார். மாசியில் ஒரு ஸ்கட் தப்பி வந்து அமெரிக்கப் படையாட்கள் தங்கியிருந்த இடத்தில் விழுந்த செய்தி வந்தபோது, "பாத்தீரோ, பத்தாவது" என்று அருளம்பலம் சொன்னார். தம்பிராசா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வைகாசியில் அருளம்பலம் செத்துப்போனார். குண்டில்லை, செல்லில்லை. நெஞ்சில் சளி கட்டி, பாயில் கிடந்து, மனைவியின் கையால் தண்ணீர் குடித்துச் செத்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைத்தது? சனம் ஒருபக்கம் அழுதது, ஒருபக்கம் கொடுத்துவைத்த மனுசன் என்றது. தம்பிராசா குழந்தை மாதிரி அழுதார். சண்டை பிடிக்க இனி அவருக்கு யார் இருக்கிறார்கள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினார். பந்தல், வாழை, பறை, ஐயர், எல்லாம் அவருடைய தலையில். ஏரம்பு படலையில் வந்து நின்றபோது, செய்யவேண்டியதைச் செய்கிற பொறுப்பான மனுசனாக அவரே வாய்திறந்து சொன்னார்:

"ஏரம்பு, ஒழுங்கைக்குள்ளை பிரேதம் கிடக்குது. துடக்கு. கோயிலைப் பூட்டிப்போட்டு வாரும்."

"பூட்டிப்போட்டுத்தான் அண்ணை வாறன்," என்று ஏரம்பு மடியில் செருகியிருந்த திறப்பைக் காட்டினார். "இனிப் பிரேதம் எடுத்துக் கழுவின பிறகுதான் திறக்கிறது."

"ஓம். வேறை என்ன."

அவ்வளவுதான் நடந்தது. வீதியில் பிரேதம் கிடந்தால் கோயில் பூட்டு. பூசையில்லை, விளக்கில்லை, மணியில்லை. அவர்கள் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். நினைத்துப் பார்க்க அதில் என்ன இருந்தது? ஒழுங்கையில் இத்தனை சனம் இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள், போர்மன் இருந்தார். ஒருவருக்காவது பொறி தட்டவேண்டுமே! தட்டவில்லை.

கொள்ளி வைக்க மூத்த மகன் கிளிநொச்சியிலிருந்து வரவேண்டும். அன்றைக்கு வரவில்லை. பிரேதம் அடுத்த நாளும் கிடந்தது. மத்தியானத்துக்குக் கிட்டத்தான் அவன் வந்து சேர்ந்து தகப்பனின் காலில் விழுந்து கதறினான். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். ஞானாம்பிகை ஒப்பாரியிலிருந்து எழும்பி வந்து தம்பிராசாவின் கையைத் தொட்டாள்.

"நான் வீட்டை போய்ப் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வாறன். பெடியன் பச்சைத் தண்ணியும் குடிக்காமல் வந்திருக்கிறான்."

அவர் சரியென்று தலையாட்டினார். அவள் ஒழுங்கையால் நடந்து போனதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பாடைக்குக் கயிறு வரிந்துகொண்டிருந்தார்.

பறை முழங்கிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், வடக்குப் பக்கம் அந்த இரைச்சல் கேட்டது. பந்தலுக்குள் இருந்த நாலைந்து பேர் தலையை நிமிர்த்தினார்கள். ஒருவர் எழும்பினார். முன்னையென்றால் அந்த இரைச்சலுக்கு ஒரு சனம் இருந்திருக்காது, பிரேதத்தை விட்டுவிட்டு ஓடியிருக்கும்.

"இருங்கோ, இருங்கோ. மணி அடிக்கேல்லைத்தானே," என்றது ஒரு குரல். "உது வேறை எங்கையோ போறான்."

எழும்பியவர் இருந்துவிட்டார். தம்பிராசாவுக்கும் இரைச்சல் கேட்டது. ஓம், மணி அடிக்கேல்லைத்தானே என்று அவரும் நினைத்தார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். மற்றக் கயிற்றுக்கு நிமிர்ந்தார். நிமிர்ந்தவருக்கு முன்னால் ஒரு வெத்திலைத் தட்டம் நீட்டிக்கொண்டு நின்றது.

"வெத்திலை எடுங்கோ அண்ணை."

ஏரம்பு.

தம்பிராசா தட்டத்தைப் பார்த்தார். ஏரம்புவின் முகத்தைப் பார்த்தார். மடியில் செருகியிருந்த திறப்பைப் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று ஏரம்புவுக்கும் விளங்கியது. தட்டம் கையை விட்டு விழுந்து பாக்கெல்லாம் உருண்டது.

அந்த நேரம் பொம்மர் தாழப் பதிந்து குண்டைப் போட்டது. நிலம் தூக்கிப் போட்டது. ஒழுங்கையின் மற்றத் தொங்கலில் புழுதி பனையுயரம் எழும்பியது.

தம்பிராசா ஓடினார். மற்றக் குண்டும் விழுந்தது, அவர் குனியவில்லை. வீட்டின் முன்பக்கம் அப்படியே நின்றது. குசினி இருந்த இடத்தில் குசினி இல்லை. கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் செல்வநாயகி தலைவிரிகோலமாக நின்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகையைச் சீலையால் மூடியிருந்தார்கள். மூடியதற்கு வெளியே அவளுடைய ஒரு கை தெரிந்தது. தேயிலை வடிக்கிற துணி அதில் இருந்தது.

செல்வநாயகியிடம் அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள், சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"மாமா, நான் எங்கடை பங்கர் வாசலிலை நிண்டு கத்தினன், மாமிக்குக் கேக்கேல்லை. வீமன் பங்கருக்குள்ளை ஓடினது. திரும்பி வந்து மாமியின்ரை சீலையைப் பிடிச்சு இழுத்தது, நான் கண்ணாலை கண்டனான். மாமி அதைப் பாத்துச் சிரிச்சா மாமா. 'மணி அடிக்கேல்லையடா, விசர் நாயே' எண்டு சொன்னா. சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியை வடிச்சா."

தம்பிராசா அப்படியே நிலத்தில் இருந்தார். மதிலுக்கு அப்பால் மணிக்கோபுரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஏரம்பு ஓடிவந்து அவருடைய காலைப் பிடித்தார். "நான் பாவி அண்ணை, நான் பாவி" என்று மண்ணில் தலையை அடித்தார். தம்பிராசா அவரை எப்படி ஏசுவது? பூட்டச் சொன்ன வாய் யாருடையது? நாயைப் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய வாய் யாருடையது?

ஒழுங்கையில் இப்போது இரண்டு பிரேதம். கோயில் பூட்டுத்தான். அன்று பின்னேரமும் ஒரு பொம்மர் வந்தது. மணி அடிக்கவில்லை. சனம் இந்தமுறை இரைச்சலைக் கேட்டே ஓடியது.

அவளுடைய அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு ஏரம்புவும் ஒழுங்கைச் சனமும் வந்து முற்றத்தில் நின்றார்கள். ஏரம்புதான் தலையைக் குனிந்துகொண்டு கதைத்தார்.

"அண்ணை, கோயில் மணியை நம்பி இனி இருக்கேலாது. துடக்கு வரும் போகும். வெளியிலை வேம்பிலை ஒண்டு தூக்கினால்... அருளம்பலத்தண்ணை சொல்லுறவர், தண்டவாளத் துண்டு நல்லாய்க் கேக்குமெண்டு. உங்கடை பங்கரிலை ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிக்குது. அதை வெட்டி எடுக்கட்டோ?"

தம்பிராசா பங்கரைப் பார்த்தார். மாதக்கணக்காக அவருடைய தலைக்கு மேலேயே கிடந்த சாமான். அதைத் தட்டித் தட்டிச் சொன்ன மனுசனைத்தான் எல்லாருமாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

"எடுங்கோ," என்றார்.

வெட்டி எடுத்தார்கள். வேம்பில் கம்பியால் கட்டினார்கள். அடிக்க ஒரு இரும்புக் குற்றியும் பக்கத்தில் வைத்தார்கள். துடக்கில்லை, பூட்டில்லை, யார் கண்டாலும் அடிக்கலாம். ஒரு குறையும் சொல்ல ஏலாத ஏற்பாடு.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அது முதன்முதலாக அடித்தது. தம்பிராசா முற்றத்தில் கவிழ்த்து வைத்த சைக்கிளுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தார். சத்தம் காதைக் கிழித்தது. கோயில் மணியைவிடக் கூரான சத்தம், பல்லுக் கூசியது. ஒழுங்கை முழுக்கச் சனம் ஓடியது. வீமன் பங்கருக்குள் போய்த் தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்துக் குரைத்தது.

"மாமா, அடிக்குது! எழும்பி வாங்கோ!" என்று செல்வநாயகி வேலிக்கு மேலால் கத்தினாள்.

"ஓம் பிள்ளை, கேக்குது," என்றார் தம்பிராசா.

அவர் எழும்பவில்லை. குசினி இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். வானம் இரைந்துகொண்டு கிட்ட வந்தது, வேம்பில் தண்டவாளம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"இது அவளுக்குக் கேட்டிருக்கும்," என்று அவர் நாயிடம் சொன்னார்.